யார் பேச்சையும் கேட்காத கார்

காரின் உள்கூரை விளக்கு அணைய மறுத்தது. அவ்வளவுதான் பிரச்சினை. அதற்காக அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தார் கணக்காளர். லீவு போட்டதை மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை.

சொல்ல முடியாது. வாஷிங் மெஷினை அவர் பழுதுபார்த்த மறுநாள், அது துணியோடு குளியலறையிலிருந்து கிளம்பிக் கூடம் வரை நடந்து வந்திருந்தது. அன்றே மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். "புது காரை ஓட்டுங்க, துடைங்க. திறந்து பாக்கறேன்னு ஆரம்பிச்சீங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

ஆகவே, அவளுடைய ஆபீஸ் பஸ் தெருமுனை திரும்பிய பிறகே அவர் பழைய அரைக்கால் டிரவுசருக்கும் சட்டைக்கும் மாறினார். தூசி ஒத்துக்கொள்ளாது என்பதால் மூக்கை மூடிக் கைக்குட்டை கட்டிக்கொண்டார். பூனை நடை நடந்து காரைத் திறந்தார்.

"என்ன சார், ஆபரேஷனா?" மாடி வீட்டுக்காரர் காபி டம்ளரோடு இறங்கி வந்தார்.

விளக்கம் சொல்ல ஆள் கிடைத்துவிட்டால் கணக்காளருக்குத் தலைகால் புரியாது. "முன்னெல்லாம் கதவுல ஒரு பொத்தான், கூரையில ஒரு பல்பு, நடுவுல வயர். கதவை மூடினா பல்பு அணையும். இப்போ கதவும் பல்பும் நேரா பேசிக்காது சார். கதவு போய் ஒரு கம்ப்யூட்டர்கிட்ட 'நான் மூடிட்டேன்'னு சொல்லணும். அது யோசிச்சுப் பல்புக்கு உத்தரவு போடும்."

"எங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

"இதுக்குள்ள சிம் கார்டுகூட இருக்கு!"

"இது யாருக்குப் போன் பண்ணப் போகுது?"

"ஷோரூம்காரர் அதைச் சொன்னப்போ நான் பானட்டுக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தேன். வீட்டுலதான் கேட்டுட்டு இருந்தாங்க."

பேசிக்கொண்டே அவர் ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் போனார். டக். எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன. சாவியை அழுத்தித் திறந்தார். டக். மறுபடி பூட்டிக்கொண்டன.

"பிடிவாதக்கார வண்டியா இருக்கே," என்றார் மாடி வீட்டுக்காரர்.

"பூட்டுக்குள்ள இருக்கிற சுவிட்ச் கோளாறு. இப்பப் பாருங்க." சாவியை அழுத்திய வேகத்தில் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஸ்பேனர் பெட்டியை இடையில் வைத்து, உட்பக்கத்து அட்டையைக் கழற்றினார். ஐந்தாறு வயர்கள் இருக்கும் என்று நினைத்தார். சிக்கிக் கிடந்த நூடுல்ஸ் போல ஒரு கொத்தே வெளியே விழுந்தது. அதில் ஒன்றைப் பிடுங்கிச் செருகினார். கண்ணாடி தானாக மேலேறி அவருடைய சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது.

சட்டையைக் கிழித்துக்கொண்டு விடுபட்டார். எஞ்சினைப் போட்டால் கம்ப்யூட்டருக்குப் புத்தி தெளியும் என்று போட்டார். ஓடியது. இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது.

"நீங்க ஒண்ணு சொன்னா அது ஒண்ணு பண்ணுதே சார். உங்களுக்கும் இதுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"நினைவு குழம்பியிருக்கு. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினா எல்லாம் மறந்துடும்." கழற்றினார். உள்கூரை விளக்கு அணைந்தது! கணக்காளர் வெற்றிப் புன்னகையோடு வயரைத் திரும்ப மாட்டினார். விளக்கு எரிந்தது. கூடவே ஹாரன் தெருவே அதிர அலறத் தொடங்கியது.

சட்டைப் பையில் போன் துடித்தது. மனைவி.

அவர் வீட்டுக்குள் ஓடி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்.

"ஏங்க, ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

"பின்ன? மீட்டிங்ல இருக்கேன்மா."

"அது என்ன சத்தம்?"

"பக்கத்து பில்டிங்ல எவனோ காரை நோண்டறான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, நீங்க மீட்டிங்கைப் பாருங்க. எதுக்கும் பதறாதீங்க. நான் பாத்துக்கறேன்."

என்ன அன்பான மனைவி என்று கணக்காளருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வருவதற்குள் எப்பாடுபட்டாவது இதைச் சரிசெய்துவிட வேண்டும். திரும்பி ஓடினார். ஹாரனின் வயர் ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, கால்மிதி மேல் குப்புறப் படுத்தார். கதவு தானே சாத்திக்கொண்டது.

டக்.

எழுந்து கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. சாவியை அழுத்தினார். திறந்தது. அவர் கதவைத் தள்ளுவதற்குள், டக்.

"சார்! வெளியிலேர்ந்து இழுங்க!" கண்ணாடியைத் தட்டினார்.

"ஒண்ணும் கேக்கல சார்! காதுல வைக்கப் பஞ்சு எடுத்துட்டு வந்துடறேன்!" மாடி வீட்டுக்காரர் படியேறி மறைந்தார்.

கணக்காளர் முட்டியால் தள்ளினார், தோளால் இடித்தார். கைக்குட்டை கழுத்துக்கு இறங்க, முகமெல்லாம் கிரீஸ். அக்கா வீட்டுக்குக் கிளம்பும் மனைவியின் பெட்டி கண்முன்னால் வந்து போனது.

சட்டென்று ஹாரன் நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே, லத்தியும் போனுமாக ஒரு பெண் கான்ஸ்டபிள் அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனில் பேசினார்:

"மேடம், காலையிலேர்ந்து நீங்க ஆபீஸ்ல உக்காந்துட்டே போன்ல பூட்டிப் பூட்டி வெச்ச திருடன் உள்ளேயேதான் இருக்கான், மீட்டிங் முடிஞ்சதும் உங்க வீட்டுக்காரருக்கு நிதானமா சொல்லிக்கலாம்."