கால்வாய்க்கு ஒரு மாலை

எங்கள் ஊரில் மைக்செட்டு அண்ணன் சொல்லாமல் யாரும் செத்ததாகச் சரித்திரமே கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஆட்டோவின் தலையில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டிக்கொண்டு அவர் வந்து, ‘காலமானார்’ என்று இழுத்தால்தான் போனவர் போனதாக அர்த்தம். அதற்கு முன்னால் டாக்டரே சொன்னாலும் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

அவரிடம் இருந்தது ஒரே குரல். அதுவும் இழவுக் குரல். தக்காளி மலிவு என்று அவர் சொல்லிக்கொண்டு போனால், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, “யாருங்க, பாவம்?” என்று வாசலுக்கு ஓடுவாள். ஒரு கல்யாணத்தில், “மணமக்களை வாழ்த்த வந்திருக்கும்…” என்று ஆரம்பித்தார். பெண்ணின் அத்தை அழுதே விட்டாள்.

போன கோடையில் ஊராட்சியிலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாயை ஏரிவரை சரிசெய்யத் திட்டம். நாங்களோ வண்டி ஏற்றுவதற்காக வாசலுக்கு வாசல் சிமெண்டுச் சாய்வு போட்டு அதை மூடியிருந்தோம். சாய்வை உடைத்துவிட்டு, தூர்வாரும்போது தூக்கி எடுக்கிற மாதிரி கல் பலகை போட வேண்டுமாம். அதை விளக்க ஒரு கூட்டம். அண்ணன் தொண்டை வறளக் கூப்பிட்டார். வந்தது டெய்லர் ஸ்டெல்லா அக்கா மட்டும்தான்.

அக்கா வீடு தெருவின் தாழ்ந்த கோடியில் இருக்கிறது. மழை வந்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் போகும். தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்திருப்பார். “இந்த மழைக்கும் தண்ணி உள்ள வந்தா, வூட்ட வித்துட்டு ஓசூருக்கே போயிடறன்ங்க” என்றார்.

அண்ணனுக்கு அந்தக் கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. “என் வாய்ஸுக்கு ஜனம் வர்லன்னா என்னாங்க அர்த்தம்?” என்று என்னிடம் குமுறினார். “எழவுன்னா மட்டும் ஓடியாராங்க!” சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். ஏதோ யோசனை உதித்துவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் குரல் வந்தது. “நமது தெருவில் நெடுங்காலம் வாழ்ந்த பெரியவர், இன்று மூச்சடைத்துக் காலமானார். பேரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உடல், ஸ்டெல்லா அக்கா வூட்டு வாசலில்…”

தெருவே போனும் கையுமாக ஆனது. எங்கள் தெருவிலேயே மூத்தவர் ரைஸ்மில் ஐயா. அவர் வீட்டுக்குப் போன் போட்டவர்கள், அவரே எடுத்து “ஹலோ” என்றதும், சட்டென்று போனை வைத்தார்கள். கடைசியில் அவரே ஒரு பெரிய மாலையோடு வந்து சேர்ந்தார்.

அக்கா வீட்டு முன்னால், அடைந்து கிடந்த கால்வாய்மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. தலைமாட்டில் ஊதுவத்தி.

“டேய் மைக்செட்டு, என்னையே கொல்லப் பாத்தயாடா!” என்று ஐயா குதித்தார்.

“செத்தது நெசம்ங்க ஐயா” என்றார் அண்ணன், மைக்கிலேயே. “மொதல்ல இந்தக் கால்வாய் கழுத்து மேல ஏறுனது உங்க வூட்டு சாய்வுங்க.”

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் ஸ்டெல்லா அக்கா வெளியே வந்தார். “என் வாசல்ல இத்தன பேர இன்னைக்குத்தாங்க பாக்கறன். தண்ணி உள்ள வந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்களே.”

இழவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஐயா மாலையைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், குனிந்து போட்டார். மாலை போட்ட பிறகு செத்தவரோடு சண்டை போட முடியுமா? “என் வூட்டுதையே மொதல்ல ஒடைங்கடா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. தெருவே குடையோடு வெளியே நின்று, தண்ணீர் ஏரிக்கு ஓடுவதை வேடிக்கை பார்த்தது. அக்கா வீட்டில் மிஷின் தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆட்டோவில் வந்து, “கால்வாய் அவர்கள் நலமாக இருக்கிறார்” என்று அறிவித்தார், அதே இழவுக் குரலில். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் போனால், அந்த மனுஷன் குரலில்தான் ஊருக்குத் தெரிய வேண்டும். அடைமழை நாளாக இருந்தாலும் பரவாயில்லை. வருகிறவர்கள் கால் நனையாமல் வரலாம்.