பெண் பார்க்க வாங்கிய பல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்

கடலூர் முதுநகர்

அன்புள்ள மச்சான் ராஜவேலுக்கு, சாமிக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காவும் மகள் தமிழ்ச்செல்வியும் நலம். சிதம்பரத்தில் நீயும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நீதான் போனை எடுப்பதில்லையே.

நீ கொண்டுவந்த மணவாளன் வரன் என் கஞ்சத்தனத்தால் கெட்டது என்று உறவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். நடந்ததைப் படித்துவிட்டுப் பேசு. மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார், வீடியோவில்தான் பெண் பார்க்க வேண்டும், புது லேப்டாப் வாங்குங்கள் என்றாய். ஒரு நாள் பெண் பார்ப்பதற்கு எவனாவது லேப்டாப் வாங்குவானா? குறிஞ்சிப்பாடியில் மூடிய ஒரு பல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரை அடிமாட்டு விலைக்குப் பேசி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மானிட்டர் பழைய நெட் சென்டருடையது. இடது பக்கம் கொஞ்சம் பச்சையாகத் தெரியும், வலது பக்கம் ஒரு குறையும் இல்லை. உள்ளே, நோயாளிகளை வரிசையாகத் தானே கூப்பிடும் மென்பொருள் ஒன்று இருந்தது. ரிப்பேர் பார்க்கும் சார்லஸ், "இத அழிச்சிடலாம் மாமா, சும்மா கத்திக்கினே இருக்கும்" என்றான். ஒரு டாக்டர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எனக்கு இலவசமாக வந்திருக்கிறது. அதை அழிக்க எனக்கென்ன பைத்தியமா?

சனிக்கிழமை எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். திரையில் மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையும், ஊரிலிருந்து அவர் அம்மாவும் தெரிந்தார்கள். அந்த அம்மா, "இன்னாம்மா படிச்சிருக்க?" என்று கேட்க, தமிழ்ச்செல்வி வாயைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் கணீரென்று, "டோக்கன் எண் பதினான்கு, உள்ளே வரவும்" என்றது.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாங்க, எங்களுக்கு முன்னாடி பதிமூணு பேரா?"

"ஐயோ இல்லம்மா, அது பல்லு பாக்குறதுக்கு" என்றேன்.

"டேய் மணவாளா, பல்லு வேற பாப்பாங்களாம்டா!"

அந்தப் பிள்ளை வாயை இறுக மூடியவன்தான். அப்புறம் எதைக் கேட்டாலும் தலையை மட்டுமே ஆட்டினான். உன் அக்கா ஓடிப்போய் ஸ்பீக்கரைத் துண்டால் அமுக்கினாள். அதற்குள் பதினைந்தையும் கூப்பிட்டுவிட்டது. "அவுங்களையே பாருங்க" என்று அந்த அம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

தமிழ்ச்செல்விக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்ததாம். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கிறது. இதில் என் தவறு எங்கே, சொல்? கடிதம் கண்டதும் நீ அவர்கள் வீட்டுக்குப் போ. எங்கள் வாசலில் வேறு வரன் எதுவும் நிற்கவில்லை, இதுவரை ஒரு ஆள்கூடப் பெண் கேட்டு வரவில்லை என்ற உண்மையை எடுத்துச் சொல். பொய் சொல்லிக் கல்யாணம் முடிக்கிற குடும்பம் அல்ல நம்முடையது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். போனை எடுக்கும் நல்ல புத்தியோடு நீயும் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமா சாமிக்கண்ணு

பி.கு.: இதை உறைக்குள் போடும்போது அந்த அம்மாவே போன் செய்தார். "அம்மாம் பேரு வரிசையில நிக்கிற பொண்ண வுட்டுட்டமேன்னு எம் புள்ள சோறே துண்றதில்லீங்க. அடுத்த வெள்ளிக்கிழம தட்டு மாத்திக்கலாம். மத்தவங்கள அனுப்பிடுங்க" என்றார். எல்லோரையும் அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் நீ, முதல் நாளே வந்துவிடு. அதுவரை அவர்கள் தெருப்பக்கம் போய் உண்மை எதையும் சொல்லித் தொலைக்காதே.