கடைசி விலை ஏழு மார்க்

அந்தப் பள்ளிக்கூட மொபைல் ஆப்பை உருவாக்கிய புண்ணியவானே! என் குடும்பத்துக்கு நெருப்பு வைத்தது நீர்தான். உம் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் உம் வீட்டு வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன்.

நான் பழைய நாற்காலி, மேசை, பீரோ வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கழற்றிவிட்டது. மீதியைச் சந்தை தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. மூன்று கால் நாற்காலியை நாலு கால் விலைக்குத் தள்ளிய வாய் இது. அந்த வாய்க்கே பூட்டுப் போட்டீரே!

விஷயம் இதுதான். என் மகள் வகுப்பில் இனிமேல் பாடமெல்லாம் டேப்லெட்டில். அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால், பெற்றோர் உம் ஆப்பில் ஒரு பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். பத்துக்கு ஏழு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு கதவை மூடிவிடுவார்கள்.

"அப்பா, என் பெஞ்சுல எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போறாங்க. நான் மட்டும்தான் வெறுங்கையோட வர்றேன்" என்று திங்கட்கிழமை மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் வேணா எழுதட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"நீ அடுப்பைப் பாரு. இது என் பொண்ணு விஷயம்."

"எனக்கும் அவ பொண்ணுதாங்க."

"வியாபாரம் பேசற இடத்துல நீ வராதே!"

"சரிங்க" என்று அவள் உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். என் மனைவி எதிர்த்துப் பேசினால் பயமில்லை. உடனே சரி என்றால்தான் ஆபத்து. அன்றைக்குப் பார்த்து எனக்கு அது உறைக்கவில்லை. விதி!

புதன்கிழமை ஆப்பைத் திறந்தேன். ‘கடவுச்சொல் தருக’ என்றது. பதற்றத்தில் நான் அதைக் கடவுள் சொல் என்று படித்துத் தொலைத்தேன். எந்தக் கடவுள்? என்ன சொன்னார்? பயபக்தியோடு ‘நல்லதே நடக்கும்’ என்று அடித்தேன். ‘தவறு’ என்றது. நடக்காதாம்!

"அது கடவுள் இல்லீங்க, கடவு. பாஸ்வேர்டு. நம்ம பொண்ணு பேரைப் போடுங்க" என்றது கதவோரக் குரல்.

"உன்னை யாரு கேட்டா?" என்று கத்தினேன். ஆனால் போட்டேன். திறந்தது.

முதல் தடவை மூன்று மார்க். இரண்டாம் தடவை இரண்டு. முயற்சி செய்யச் செய்யத் தேய்கிற மார்க்கை அன்றுதான் பார்த்தேன். ‘இன்னும் ஒரு வாய்ப்பே உள்ளது’ என்று சிவப்பில் மிரட்டியது. அப்போதுதான் திரையின் அடியில் கண்டேன்: ‘உதவி தேவையா? வகுப்பு உதவியாளருக்கு எழுதுங்கள்.’

அட, ஆள் இருக்கிறதா! ஆள் இருந்தால் பேரம் உண்டு.

‘கையில் மூணு மார்க் இருக்கு. நாலுக்கு முடிச்சுக்கலாமா?’ என்று எழுதினேன்.

‘கட்டாது’ என்று பதில் வந்தது.

‘அஞ்சு. நான் நாணயமான ஆளு.’

‘ஏழு. கடைசி விலை.’

எந்தப் பள்ளிக்கூடத்தில் ‘கட்டாது’ என்று எழுதுவார்கள்? புத்தியுள்ளவன் அங்கேயே சுதாரித்திருப்பான். எனக்கோ, நம்ம ஜாதி வியாபாரி ஒருவன் கிடைத்துவிட்டான் என்று உச்சி குளிர்ந்துவிட்டது.

‘எழுத்து வராதவர்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. பயிற்சி ஒன்று: படம் எடுத்து அனுப்புதல். பொருள்: கழுவிய பாத்திரங்கள்.’

‘பாத்திரம் எதுக்கு?’

‘பளபளப்பு இருந்தால் படம் நன்றாக விழும்.’

நியாயம்தானே! தேய்க்கத் தொடங்கினேன்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"தள்ளிப் போ. படிச்சிட்டிருக்கேன்ல!"

படம் போனது. ‘அடியில் கரி தெரிகிறது. மறுபடி அனுப்பவும்’ என்று வந்தது. அனுப்பினேன். மணிக்கட்டு கழன்றது.

பயிற்சி இரண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது: குரல் பதிவு. கீழ்க்கண்ட வாக்கியத்தைத் தெளிவாகப் படிக்கவும். ‘எனக்கு வாய் மட்டும்தான் உண்டு. மூளை என் மனைவிக்கு.’

‘வேற வாக்கியம் இருக்கா?’ என்று கேட்டேன். ‘ஸ்டாக் இல்லை’ என்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். மகளின் வெறுங்கை ஞாபகம் வந்தது. குளியலறையில் புகுந்து, தாழ்ப்பாள் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்தேன். அனுப்பினேன்.

மறு நொடி, சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தோடு!

ஓடினேன். மனைவி கையில் போன். மகள் மடியில் டேப்லெட்.

"ஏது இது?"

"அம்மா செவ்வாய்க்கிழமையே பாஸ் பண்ணிட்டாங்கப்பா. வீட்டுக்கு ஒருத்தர் எழுதினாப் போதுமாம்."

"பத்துக்குப் பத்து" என்றாள் மனைவி. "டீச்சர் அசந்து போய் என்னையே வகுப்பு உதவியாளராப் போட்டுட்டாங்க."

"அடிப்பாவி! ஏன்டி சொல்லல?"

"உங்க படிப்பைக் கெடுக்க வேணாம்னுதான். முதல் தடவையா ஆர்வமாப் படிச்சீங்க!"

"அந்தக் குரலை அழிச்சிடு."

"எப்படிங்க? நல்ல பதிவுக்கு உதாரணம்னு டீச்சருக்கு அனுப்பிட்டேனே. திங்கட்கிழமை வகுப்புல பெரிய திரையில போடறாங்களாம்."

கொதித்துப்போய், ‘புகார்’ என்ற பொத்தானை அழுத்தி உமக்கு நீளமாக எழுதினேன். ‘உங்கள் புகார் வகுப்பு உதவியாளருக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் போட்டீர். சமையலறையில் டிங் என்றது. பின்னாலேயே வந்தது: ‘புகார் பரிசீலனையில் உள்ளது. அதுவரை பயிற்சி மூன்று: தூசி தட்டிய பரண்.’

அதனால்தான் ஊரறிய உம் ஆப்பின் விமர்சனப் பக்கத்தில் எழுதுகிறேன். உதவியாளர் என்று போடும் இடத்தில், அவர் யார், யாருக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று தெளிவாகப் போடும். புகாருக்கு என் சமையலறை வழியாகப் போகாத வேறு பாதை வையும். திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் சரி பண்ணித் தொலையும், ஐயா! இதைப் பரண் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். படம் தெளிவாக வந்தால்தான் ஏணியைத் தருவாளாம்.