தட்டுப்பாடு அறவே இல்லை

பெட்ரோல் பங்க் வாசலில் ஏழெட்டுக் கார்கள் வரிசையாக நிற்கின்றன என்ற செய்தி வந்தபோது, மறுப்பு சார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

எரிபொருள் வழங்கல் துறையில் மறுப்பு அறிக்கை எழுதுவதுதான் அவர் வேலை. விலை ஏறாது, இருப்பு குறையாது, குழாய் வெடிக்காது என்று எழுதுவார். பெரும்பாலும் அடுத்த வாரமே அது நடந்துவிடும். அது மற்ற பிரிவுக்காரர்களின் தவறு என்பதில் அவருக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

இன்று விஷயம் கொஞ்சம் பெரிது. புதிய நான்குவழிச் சாலையைத் திறந்துவைக்க மாலையில் அமைச்சர் வருகிறார். அந்தச் சாலைக்குப் போக இருக்கும் ஒரே வழி, இந்த பங்க் வாசல் வழி. இயக்குநர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்; உட்காரச் சொல்லவில்லை.

"அமைச்சர் வர்றதுக்குள்ள வரிசை போகணும். இல்லைன்னா நீங்க போவீங்க."

எங்கே என்பதையும் சொன்னார். ஊர் எல்லைக்கு அப்பால் துறையின் காலிப் பீப்பாய்க் கிடங்கு ஒன்று இருக்கிறது. அங்கே மறுப்பதற்கு ஒன்றும் கிடையாது.

"ஒரே அறிவிப்புல கலைஞ்சிடும் சார்," என்றார் மறுப்பு சார்.

ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வரிசையை ஒட்டி ஒருமுறை போய் வந்தார். எரிபொருள் தட்டுப்பாடு அறவே இல்லை, பொதுமக்கள் பீதியடைய வேண்டாம் என்று கணீரென்று அறிவித்தார். அதுவரை பீதி என்ற எண்ணமே இல்லாமல் சோப்பு வாங்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது. கூடவே மனைவியின் போனும் வந்தது.

"ஏங்க, பெட்ரோல் இல்லையாமே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். மைக்ல."

"இருக்குன்னுதானே சொன்னேன்?"

"இருக்கிறதை எதுக்கு மைக் வெச்சுச் சொல்லணும்? நம்ம வீட்ல உப்பு இருக்குன்னு நான் தெருத்தெருவா சொல்லிட்டா திரியறேன்?"

அவள் ஏற்கெனவே ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தம்பியையும் வரச் சொல்லியிருந்தாள்.

மறுப்பு சார் அசரவில்லை. கூட்டம் சேர்ந்தால் வேகத்தைக் கூட்டவேண்டும், அவ்வளவுதான். ஒரு வண்டிக்கு அரை டாங்குக்கு மேல் கிடையாது, சீக்கிரம் நிரப்பிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அடுத்த அறிவிப்பைச் செய்தார். ஒரு வண்டிக்கு அரை என்றால் இரண்டு வண்டிக்கு முழுசு என்று மச்சினன் கணக்குப் போட்டான். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியையும் கடன் வாங்கிக்கொண்டு வந்தான். ஊரில் கணக்குத் தெரிந்தவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை.

வாய்ச்சொல்லை நம்பாத ஜனங்கள் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். ஒரு டேங்கர் லாரியை வரவழைத்தார். லாரி வரிசையின் வால்வரை வந்தது. அதற்குமேல் நகர இடமில்லை, அங்கேயே நின்றுவிட்டது. யாரோ அதைப் படம் எடுத்து, டேங்கர் லாரியே பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிறது என்று எழுதி அனுப்பினார்கள். சற்று நேரத்தில் ஊரில் இருந்த எல்லா பங்க்குகளிலும் வரிசை முளைத்தது.

இயக்குநர் போன் செய்தார். அமைச்சர் கிளம்பிவிட்டார். பீப்பாய்க் கிடங்குக்குப் போவதற்கு வண்டி தயாராக இருக்கிறது.

"அதுக்கு மட்டும் அப்பவே டாங்க் ரொப்பி வெச்சுட்டேன்," என்றார் இயக்குநர்.

சரி, நோயை வாலில் பார்த்துப் பயனில்லை, தலையில் பார்ப்போம் என்று மறுப்பு சார் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தார். வழி நெடுக வசவு. ஒரு ஸ்கூட்டர்காரி, யாரோ மூன்றாம் மனுஷனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்து, "நாங்கல்லாம் நிக்கலையா? வரிசையில வாங்க," என்றாள். பத்து வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறவள்.

பங்க்குக்குள் ஊழியர்கள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பம்புகள் சும்மா நின்றன.

"சரக்கு தீர்ந்துடுச்சா?" என்று கேட்டபோதுதான் அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது.

"நிறைய இருக்கு சார். நீங்க மைக்ல சொன்னதைக் கேட்டு எங்களுக்கே சந்தேகம் வந்து, தொட்டி மூடியைத் திறந்து பாத்தோம்," என்றார் ஒரு ஊழியர். "யாருமே உள்ள வரலை. முன்னால ஒரு கார் நகராம நிக்குது. அதைத் தாண்டி வந்தா அடி விழும்னு பின்னால இருக்கிறவங்க பயப்படறாங்க."

வாசலில், டயருக்குக் காற்றடிக்கும் கருவிக்குப் பக்கத்தில் அந்தக் கார் நின்றது. இருக்கையைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் கண்ணயர்ந்திருந்தார். மறுப்பு சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடியைத் தட்டி, எத்தனை லிட்டர் வேண்டுமானாலும் தன் கையாலேயே நிரப்பித் தருவதாகச் சொன்னார்.

காரில் இருந்தவர் கண்ணாடியை நிதானமாக இறக்கினார்.

"இது பேட்டரி வண்டி சார். காத்து பிடிக்கத்தான் வந்தேன். மெஷின் மக்கர் பண்ணி நேரமாச்சு, பின்னால ஏழெட்டு வண்டி சேர்ந்துடுச்சு. அப்புறம் பிடிச்சும் ஆச்சு. கிளம்பற நேரத்துல தட்டுப்பாடே இல்லைன்னு மைக்ல சொல்லிட்டுப் போனாங்க, அதான் எதுக்கும் இருக்கட்டும்னு நின்னுட்டேன்."