சான்றிதழ் அலுவலகத்தில் சமநிலை

"டொய்ங்ங்ங்!"

காலை பதினொரு மணிக்கு இந்த வெண்கல ஓசை எழும்போது, பிரபஞ்சம் ஒரு கணம் நின்று, எங்கள் சான்றிதழ் அலுவலகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மறுபடி சுழல்கிறது என்பது என் பணிவான கருத்து.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் மேலதிகாரி இரண்டே நாள் பயிற்சி முகாமில் டாய் சி என்ற சீன உடற்பயிற்சியைக் கற்றுத் திரும்பினார். விட்டுக்கொடுப்பது யின், தள்ளுவது யாங். ஒரு காலில் எடை நிறைந்தால் மறு கால் காலியாக வேண்டும். இந்தப் பேருண்மையை அவர் காலோடு நிறுத்தவில்லை. 'மேஜைகளுக்கும் இது பொருந்தும்' என்று சுற்றறிக்கை விட்டார். அன்றிலிருந்து, மணி அடித்தால் நிறைந்த மேஜையின் கோப்புகள் காலி மேஜைக்குப் போகும். அடுத்த மணிக்குத் திரும்பி வரும். ஒரு கோப்பாவது தேங்கியது உண்டா? கிடையாது. முடிந்ததும் கிடையாதுதான். ஆனால் வேலையை முடிப்பது 'யாங் மிகுதி' என்று சுற்றறிக்கையின் நான்காம் பத்தி எச்சரிக்கிறதே!

அன்று மணியோசையோடு தையல்காரம்மாவும் வந்து சேர்ந்தார். கடையிலிருந்து ஓடி வந்ததில், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"சார், பள்ளிக்கூடத்துல இன்னிக்கு நாலு மணியோட சேர்க்கை முடியுது. என் பொண்ணு பிறப்புச் சான்றிதழ்ல ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. மூணு மாசமா நடக்கறேன்!"

"நீங்க நடக்கிறீங்க, நாங்க நிக்கிறோம். என்ன ஒரு சமநிலை பாருங்கம்மா!" என்றேன், கண்கள் பனிக்க.

"அது இப்ப எந்த மேஜையில இருக்கு?"

"ஆறுல. அடுத்த மணிக்கு ரெண்டுக்குப் போயிடும். அதுக்கப்புறம் மறுபடியும் ஆறு."

"மேஜை மாறுதே, யாராவது தொறந்து பாத்தீங்களா?"

"ஐயோ, தொறந்தா சமநிலை கெட்டுடும்மா!"

பன்னிரண்டு மணி. டொய்ங்! தினசரி நண்பகல் பயிற்சிக்காக நாங்கள் அனைவரும் முழங்கால் மடக்கி, கண் மூடி, 'மேகம் விலக்கும் கை' என்ற டாய் சி அசைவில் இறங்கினோம். நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்று யின், ஒன்று யாங்.

தையல்காரம்மா ஆறாம் மேஜையிலிருந்து தன் கோப்பை உருவினார். நேராக மேலதிகாரியிடம் போனார். மிதந்து இறங்கிய அவர் விரல்களுக்கிடையே பேனாவைச் செருகி, கீழே சான்றிதழை நீட்டினார். முப்பது ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் தவறாத அந்தக் கை, தானாகவே கையெழுத்துப் போட்டது!

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கையசைத்தார். வெளியே காத்திருந்தவர்கள் பூனை நடையில் வந்தார்கள். கோப்பு, கையெழுத்து, அடுத்தவர். கோப்பு, கையெழுத்து, அடுத்தவர்.

"ஆஹா! கையில என்னமா சக்தி பாயுது!" என்று மேலதிகாரி கண் மூடியபடி பரவசப்பட்டார். "என்னய்யா இது, யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கே?"

தையல்காரம்மா சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் அவர் காதோரம் சொன்னார்:

"கண்ணைத் தொறந்துடாதீங்க சார். மூணு மாசத்துல நீங்க வேலை பாத்தது இந்தப் பத்து நிமிஷம்தான். இன்னும் ஆறு பேர் பாக்கி."