முதுகு காட்டிப் பிழைத்தவன்

பெரும் மதிப்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முதுகும் நலம். அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள், பெயிண்ட் கடை எல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மாலை கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூடத்தில் உட்காரவைத்து, தொலைக்காட்சியில் என் முகத்தைத் தேடினீர்கள் என்று அக்கா போனில் சொன்னாள். முகம் வரவில்லை. காட்சியை எடுப்பதற்கு முன்பே வாய் சும்மா இல்லாமல் உங்களுக்குச் செய்தி சொன்னது என் தவறு, அது கெட்டுப்போன பிறகு சொல்லத் துணியாதது இன்னொரு தவறு. நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நமக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எனக்கு முப்பத்தைந்து வயது முடிவதற்குள் என் முகம் திரையில் தெரிந்து, என் வாய் ஒரு வரியாவது பேச வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு வந்து உங்கள் கடை முக்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். வருகிற ஞாயிறு என் பிறந்தநாள்.

இந்த வினை பள்ளிக்கூட நாடகத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது நீங்கள் புது மாப்பிள்ளை, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் தூதுவன். ஓடிவந்து, "அரசே, பகைவர் கோட்டையை நெருங்கிவிட்டனர்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அரசனைப் பார்த்துச் சொன்னேன். அரசன் மேடையின் உள்பக்கம் உட்கார்ந்திருந்ததால் சபைக்குக் கிடைத்தது என் முதுகு மட்டும். "மாப்ள, உன் முதுகு பிரமாதமா நடிச்சுதுடா" என்றீர்கள். அந்தக் கேலியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டுதான் சினிமாவுக்குக் கிளம்பினேன். முதல் படத்தில் கூட்டத்தில் நின்றேன். இயக்குநர் என்னை உற்றுப் பார்த்து, "அந்த மூணாவது ஆளு, திரும்பி நில்லுப்பா" என்றார். திரும்பினேன். "இப்ப சரியா இருக்கு" என்றார். அன்றைக்கே என் தொழில் முடிவாகிவிட்டது.

பிறகு இந்தத் தொடர். இதன் கதாநாயகர் மாதத்தில் நாலு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நான் நிற்பேன். கதாநாயகி என் மூக்கைப் பார்த்து அழுவார். ஆறு வருஷத்தில் என் முதுகு இரண்டு கல்யாணம் செய்து, ஒரு கம்பெனியைப் பறிகொடுத்து, தொலைந்துபோன மகளையும் கண்டுபிடித்துவிட்டது. என் உச்சந்தலையில் இரட்டைச் சுழி, அவருக்கு ஒற்றை. மேக்கப்காரர் தினமும் கறுப்புப் பவுடரை அப்பி ஒன்றை மறைப்பார். மறந்த நாளில் இரண்டும் சேர்ந்து நடிக்கும். தெருமுனை டீக்கடைக்காரர் எதிரே வரும்போது என்னைக் கண்டுகொள்ள மாட்டார். கடந்து போனபிறகு, "சார், நீங்க சீரியல்ல வர்றவர்தானே?" என்பார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்கு உங்களுக்கு முகம் உண்டு" என்றார். ஆஸ்பத்திரி ஊழியர் வேஷம். "டாக்டர் வந்துட்டார்", இதுதான் வசனம். குளியலறையில் அதை மகிழ்ச்சியாக, சோகமாக, டாக்டர் மேல் சந்தேகமாக, எல்லா விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். "ஆக்‌ஷன்" என்றார்கள். உடம்பு தானாகத் திரும்பிவிட்டது அத்தான். டாக்டர் வந்த செய்தியைச் சுவரிடம் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதே சுவர். மூன்றாவது தடவை கேமராக்காரர் சுவர்ப்பக்கமே கேமராவைக் கொண்டுபோய் வைத்தார். நான் அதற்கும் முதுகைக் காட்டினேன். ஆறு வருஷப் பழக்கம், கேமரா எங்கே இருந்தாலும் முதுகு கண்டுபிடித்துவிடுகிறது. "விடுங்கப்பா, டாக்டர் சொல்லாமலே வரட்டும்" என்று இயக்குநர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார். அன்றைக்கு மேக்கப் அறையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

ஆகவே தோற்றுவிட்டேன். திங்கட்கிழமை காலை வண்டியில் வந்து சேருகிறேன். முக்காலியை வாடிக்கையாளர் பக்கம் பார்க்கும்படி ஆணி அடித்து வைத்தால் நல்லது.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு முன்பக்கமாகவே ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
சொல் தவறாத மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உதவி இயக்குநர் வந்தார். ஒரு ரசிகர் எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்தார். "இரட்டைச் சுழியுடன் நிற்கும் கலைஞரை ஆறு வருடமாகக் கவனித்து வருகிறேன். போன வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தோள் குலுங்கிய அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அவரை ஒருமுறையாவது திருப்பிக் காட்டவும்" என்று எழுதியிருக்கிறது. இதே கையெழுத்தில் மாதம் ஒன்று வருகிறதாம். தொல்லை தாங்காமல் கதாநாயகருக்கு ஓர் அண்ணனை உண்டாக்கி, அவனுக்கு என் முகத்தையே கொடுத்துவிட்டார்கள். திரும்பாமல் இருக்க என் செருப்பைத் தரையோடு ஒட்டப்போகிறார்கள். சனிக்கிழமை படப்பிடிப்பு, திங்கட்கிழமை மாலை ஒளிபரப்பு. அதனால் நான் வரவில்லை. ஒப்பந்தத்துக்கு ஒரு நாள் தாமதம்தான், நீங்கள் பெரிதுபடுத்த மாட்டீர்கள். பின்பக்கம்தான் என் தொழில் என்பதால் அந்தக் கடிதத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு கடை ரசீது. மேலே கடைப் பெயரைக் கத்தரியால் அழகாக வெட்டியிருக்கிறது. கீழே, "கலர் கலந்த பெயிண்ட் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரி அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை அதையும் சேர்த்து வெட்டிவிடுங்கள், அத்தான்.