முன் படம் இல்லாத ஆறு

ஓர் ஆறு சுத்தமாக இருப்பதற்கும் முன்அனுமதி வாங்க வேண்டும் என்பது ராயப்பனுக்குத் தெரியாது. ரயில்வேயில் முப்பது வருஷம் பிட்டராக இருந்து, அண்ணனூர் கார் ஷெட்டில் ஓய்வுபெற்றவர். அழுக்காக வரும் வண்டியைக் கழுவி அனுப்பித்தான் பழக்கம்.

பருத்திப்பட்டில் அவர் வீட்டுக் கொல்லையை ஒட்டிக் கூவம் ஓடுகிறது. 1993-இல் அது ஓடவில்லை, கிடந்தது. காலனிச் சாக்கடைக் குழாய் நேராக அதில் விழுந்தது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் தூளே வேண்டாம், நிறம் ஏற்கெனவே இருந்தது. அவர் மனைவி சகாயமேரி தண்ணீர் லாரிக் கூட்டத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட அன்று, ராயப்பன் முதல் மனுவைப் போட்டார். குழாயைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வருஷம், மூன்று மனு, பதில் இல்லை. தையல்கடை கலீலுல்லாவும் இன்னும் ஒன்பது பேரும் சேர, நதிப் பாதுகாப்புக் குழு உதயமாயிற்று. நாற்பது ஞாயிற்றுக்கிழமை இறங்கி ஆகாயத்தாமரையையும் குப்பையையும் அள்ளினார்கள். குழாய் வாயில் மண்மூட்டை அடுக்கிச் சாக்கடையைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தள்ளினார்கள். பெருமழை வந்தால் மூட்டை தாங்காது. ஆனாலும் நாற்பத்தோராம் ஞாயிறு சகாயமேரி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அழுதாள்.

"இன்னாங்க, என் கம்மல் கூட தெரியுது!"

ராயப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து, பளபளவென்று கிடந்த ஆற்றைப் படம் பிடித்து நான்காவது மனுவோடு இணைத்தார்.

இதற்குப் பதில் நேரிலேயே வந்தது. அந்த வருஷம் அதிகாரம் முழுவதும் சஃபாரி சூட்டில்தான் நடமாடியது. ஆற்று மேம்பாட்டு அதிகாரி ஜம்புலிங்கமும் அப்படியே வந்தார். ஆற்றைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், முகம் இருண்டது.

"இது யார் பார்த்த வேலை?"

"நாங்கதான் சார்."

"யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? கோப்பில் இந்த ஆறு 'மிக மோசம்'. கோப்பு பொய் சொல்லாது."

"அப்ப ஆறு பொய் சொல்லுதா சார்?" என்றார் கலீலுல்லா.

"நிலைமை அப்படித்தான் இருக்கிறது. திட்டத்துக்கு 'முன்' படம் ஒன்று, 'பின்' படம் ஒன்று வேண்டும். நீங்கள் அனுப்பியது வெறும் 'பின்'. முன் இல்லாத ஆற்றுக்கு எந்தச் சட்டப்படி குழாயைத் திருப்புவது?"

"பைலை மாத்திக்கினா இன்னா சார்?" என்றார் ராயப்பன்.

"ஏழு பேர் கையெழுத்து வேண்டும். அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். ஆற்றை மாற்றுவது சுலபம்." ஜம்புலிங்கம் குரலைத் தணித்தார். "ஒரே நாள் பழையபடி அழுக்காக இருக்கட்டும். வியாழக்கிழமை போட்டோ. பிறகு நிரந்தரச் சுத்தம்."

"ஒரே நாளுன்னு ஓவர்டைமுக்குப் போயி நாலு நாளு கயிச்சி வந்த மனுசன்தானே நீ?" என்றாள் சகாயமேரி. ராயப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஆற்றின் நலன் கருதி பொதுமக்கள் ஒத்துழைக்கவும்' என்று தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார்.

சுத்தம் செய்யக் கூப்பிட்டபோது ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்குக் கல்யாணம். வியாழன் காலை ஆறு மணிக்கே குப்பையோடு வரிசை நின்றது. சேக்காட்டிலிருந்து துலுக்கானம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் இரண்டு நடை அடித்தார். பட்டாபிராமிலிருந்து ஒருவர் பழைய மெத்தையை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கலீலுல்லா இரண்டு மூட்டை வெட்டுத்துணியோடு தலைகுனிந்து வந்தார். மண்மூட்டைகளை அகற்றினார்கள். பதினோரு பேர் நாற்பது ஞாயிறு செய்ததை ஊர் மூன்றரை மணி நேரத்தில் சரிசெய்தது. இவ்வளவு சமூக உணர்வு இங்கே இருப்பது ராயப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு வர வேண்டிய ஜம்புலிங்கம் பதினொன்றரைக்கு வந்து, மூக்கில் கைக்குட்டையோடு படத்துக்கு நின்றார்.

"அருமை. அப்படியே கோப்பில் உள்ளபடி இருக்கிறது."

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'பார்வையில் கண்ட மனுவின்பேரில் மேற்படி ஆறு செவ்வனே சுத்தம் செய்யப்பட்டு, முன், பின் படங்கள் இணைக்கப்பட்டுள்ளமையால், பணி நிறைவுற்றதெனக் கோப்பு முடிக்கப்படுகிறது. பொதுமக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி.'

ராயப்பன் ஆபீசுக்கு ஓடினார்.

"சார், அந்தப் 'பின்' படம் நான் முதல்ல எடுத்தது!"

"படத்தில் தேதி இருக்கிறதா?"

"இல்ல சார்."

"கோப்பில் வரிசை சரியாக இருக்கிறது."

"குழாய் சார்?"

"சுத்தமான ஆற்றுக்கு எதற்கய்யா குழாயைத் திருப்ப வேண்டும்?"

நேராக ஆற்றுக்கு வந்தார். கரையில் துலுக்கானம் வண்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ புடிச்சி ரெண்டு மாசமாச்சி. இன்னும் இன்னாத்துக்குய்யா கொட்றே?"

"நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டலியே அண்ணாத்தே."

வீட்டில் சகாயமேரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். கிணற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. வலிக்கிற கையில் குடத்தை எடுத்துக்கொண்டு, மறு கையால் குப்பைப் பக்கெட்டை அவரிடம் நீட்டினாள்.

"லாரி வந்துட்ச்சி. நீ இத்தக் கொட்டிட்டு வா."

"மேரி, ஆத்துலயா?"

"சுத்தமாயிட்ச்சின்னு கவர்மெண்டே சொல்ட்ச்சே. ஒரு பக்கெட்டுல கெட்டா பூடும்?"

ராயப்பன் கரைக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். கேமராவோடு யாரும் இல்லை. கொட்டினார்.